சர்நேம் கட்டத்துல என்ன எழுதறது?

போன வாரம் ராத்திரி சாப்பிட உக்காந்த நேரத்துல ஒரு ஃபோன். கிரெடிட் கார்டு விக்கிற பொண்ணு. "சண்முகம்ஜி பேசறாங்களா?" அப்படின்னு ஹிந்தியில கேட்டுது. "ஆமாம்மா, சொல்லுங்க"ன்னேன். எதிர்ல தோசை ஊத்திக்கிட்டிருந்த தங்கமணி திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க.

சண்முகம் எங்க அப்பா. 2016ல தவறிட்டார். கிரெடிட் கார்டை அவர் வாழ்நாள்ல கையால தொட்டதில்ல. ஊர்க் கூட்டுறவு சங்கத்துல வருஷா வருஷம் நகையை வச்சு மீட்டதுதான் அவருக்கும் வங்கித் துறைக்கும் இருந்த உறவு. ஆனா அகமதாபாத்துல அவருக்கு மாசம் நாலு பேராவது ஃபோன் பண்ணறாங்க. பர்சனல் லோன் வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமான்னு. முதல்ல "அது எங்கப்பா பேரு, என் பேரு முருகேசன்"னு விளக்கிட்டிருந்தேன். எதிர்முனை குழம்பும், நானும் குழம்புவேன். அவர் போனதுக்கு அப்புறம் விளக்கறதை விட்டுட்டேன். யாராவது அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா "ஆமாங்க"ன்னு சொல்றது ஒண்ணும் மோசமா இல்ல.

எப்படி ஆச்சு இது? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல நான் எஸ். முருகேசன். பான் கார்டு எடுத்த காலத்துல இனிஷியல் கூடாது, விரிச்சு எழுதுன்னாங்க. சர்நேம் கட்டத்துல அப்பா பேரைப் போட்டேன். முருகேசன் சண்முகம் ஆனேன். ஆதார் எடுக்கறப்ப இனிஷியல் முன்னாலதானே வரும்னு அதே வரிசையில விரிச்சாங்க. சண்முகம் முருகேசன் ஆனேன். பேரு முன்னால வந்தா, உரிமையோட கூப்பிடறவங்க சண்முகம்ங்கறாங்க. பின்னால வந்தா, மரியாதையாக் கூப்பிடறவங்க மிஸ்டர் சண்முகம்ங்கறாங்க. முன்னால போட்டாலும் அப்பாதான், பின்னால போட்டாலும் அப்பாதான். நான் எங்கயும் இல்ல :-)

உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும்னு தெரியும். பான் கார்டையும் ஆதாரையும் இணைக்கச் சொல்லி 2023 ஜூன் 30 வரைக்கும் கெடு வச்சாங்களே, அப்ப பேரு பொருந்தலன்னு அலைஞ்சவங்கள்ல நம்மாளுங்க எத்தனை பேரு! கடைசி ஒரு வருஷம் ஆயிரம் ரூபாய் தண்டம் வேற. தப்பு செஞ்சுட்ட மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு கட்டினோம். என்ன தப்பு செஞ்சோம்? அப்பா பேரை எங்க வைக்கறதுங்கறதுல ஒரு ஊர் வழக்கம் இன்னொரு ஊர் வழக்கத்தோட ஒத்துப் போகல, அவ்வளவுதான்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதுசுல எனக்குக் கிடைச்ச முதல் பாடமே பேருதான். கிளையில சேர்ந்த அன்னைக்கு ஹெட் கேஷியர் என் பேரைக் கேட்டார். முருகேசன்னேன். "ஆகே க்யா?"ன்னார். மேல என்னன்னு அர்த்தம். மேல ஒண்ணும் இல்லைங்க, அவ்வளவுதான்னேன். பாதி பேரை ஊர்ல மறந்து வச்சுட்டு வந்தவனைப் பாக்கற மாதிரி பார்த்தார். சாயங்காலத்துக்குள்ள அவரே "முருகேசன்பாய்"னு பின்னால ஒட்டி முழுசாக்கிட்டார். நல்ல மனுஷர்.

குஜராத்திகளுக்குப் பேருன்னா மூணு பகுதி. தன் பேரு, அப்பா பேரு, குடும்பப் பேரு. மகாராஷ்டிரத்துலயும் அதேதான், சச்சின் ரமேஷ் டெண்டுல்கர்ல ரமேஷ் அவங்க அப்பா. அங்க 2024ல அம்மா பேரையும் நடுவுல சேர்க்கணும்னு அரசே முடிவு செஞ்சுது, அந்த வருஷம் மே 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு நாலு பகுதி. ஆந்திரா போனா வீட்டுப் பேரு முன்னால நிக்கும். பி.வி. சிந்துவுல அந்த 'பி' புசர்லாங்கற வீட்டுப் பேரு, அப்பா பேரு இல்ல. நாம பி.வி.ன்னு பார்த்த உடனே அப்பா பேரும் தாத்தா பேரும்னு நெனச்சுப்போம், அது நம்ம கண்ணாடி. பார்சிக்காரங்க செஞ்ச தொழிலையே பேரா வச்சுக்கிட்டாங்க. நாரி கான்ட்ராக்டர், ஃபரூக் இன்ஜினியர்னு ரெண்டு பேரு இந்தியாவுக்கு கிரிக்கெட் ஆடியிருக்காங்க. இப்படி ஒரே நாட்டுக்குள்ள நாலஞ்சு கணக்கு முறை. பி.காம். படிச்சவன் பாஷையில சொன்னா, ஒவ்வொருத்தர் லெட்ஜர்லயும் காலம் வேற வேற. ஆனா பேலன்ஸ் எல்லாருக்கும் டாலி ஆகுது. அந்தந்த ஊருக்குள்ள இருக்கற வரைக்கும்.

சரி, இந்த 'சர்நேம்' கட்டம் எங்கேருந்து வந்தது? அது ஏதோ ஆதிகாலத்துலேருந்து மனுஷ குலத்துக்கே பொதுவா இருக்கற மாதிரியும், நாம மட்டும் அதைத் தொலைச்ச மாதிரியும் ஒரு நெனப்பு நமக்கு உண்டு. எனக்கும் இருந்தது. தோண்டிப் பார்த்தா, பல நாடுகள்ல அதை உருவாக்கினது குடும்பம் இல்ல, அரசாங்க ரிஜிஸ்டர். வரி கட்டவும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும், ஆளை அடையாளம் கண்டுபிடிக்கவும் ஏற்படுத்தினது. எங்க ஆபீஸ் சமாச்சாரந்தான்!

பிலிப்பைன்ஸ் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்ப அது ஸ்பெயினோட காலனி. மதம் மாறின ஜனங்க 'சிலுவையின்', 'புனிதர்களின்'னு பொருள் வர்ற பேருங்களையே ஆளாளுக்கு வச்சுக்கிட்டாங்க. ஊர் பூரா ஒரே பேரு. அண்ணன் ஒரு பேரு தம்பி ஒரு பேரு. வரிக் கணக்கு எழுத முடியல. 1849ல க்ளாவேரியாங்கற கவர்னர் ஜெனரல் ஒரு ஆணை போட்டார். அகரவரிசையில ஆயிரக்கணக்கான சர்நேம் அச்சடிச்ச ஒரு புத்தகத்தை எல்லா மாகாணத்துக்கும் அனுப்பி, ஊருக்குக் கொஞ்சம் பக்கங்களைப் பிரிச்சுக் குடுத்து, இதுலேருந்து எடுத்துக்குங்கன்னுட்டார். அதனால சில ஊர்கள்ல இன்னைக்கும் ஏகப்பட்ட பேரோட சர்நேம் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும். ஆல்பாய் மாகாணத்துல ஓவாஸ்னு ஒரு ஊர், அங்க எல்லாம் 'ஆர்'. செக் புக் விநியோகிச்ச மாதிரி சர்நேம் விநியோகிச்சிருக்காங்க.

துருக்கியில 1934ல சட்டம் போட்டு எல்லாரும் ஒரு குடும்பப் பேரு வச்சுக்கணும்னாங்க. முஸ்தபா கெமாலுக்கு அத்தாதுர்க்ங்கற பேரு அந்த வருஷம் நாடாளுமன்றம் குடுத்தது, அதுவரைக்கும் கிடையாது. டச்சுக்காரங்களுக்கு நெப்போலியன் 1811ல போட்ட ஆணை. தாய்லாந்துல 1913ல, ஆறாம் ராமா காலத்துல. இங்கிலாந்துல படிச்ச ராஜா, அங்க பார்த்ததை நம்ம நாட்டுக்கும் கொண்டுவந்தார். குடும்பங்களுக்குப் புதுப் புதுப் பேரா அவரே ஆயிரக்கணக்குல உண்டாக்கிக் குடுத்தார். ஆனா வேடிக்கை என்னன்னா, சட்டம் வந்து நூறு வருஷம் தாண்டியும் தாய் ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. பிரதமரா இருந்தவரை தக்சின்னுதான் சொன்னாங்க, ஷினவத்ரான்னு இல்ல. முன்னால 'குன்'னு ஒரு மரியாதைச் சொல் போட்டுக்கிட்டா முடிஞ்சது. சர்நேம் கவர்ன்மெண்டுக்கு, பேரு மனுஷனுக்கு.

கட்டத்துக்கே அடங்காதவங்களும் இருக்காங்க. பர்மாவுல குடும்பப் பேருங்கறதே இல்ல. ஐ.நா. பொதுச்செயலாளரா 1961லேருந்து 1971 வரைக்கும் இருந்த ஊ தாண்டோட பேரு வெறும் தாண்ட். 'ஊ'ங்கறது நம்ம 'திரு', 'ஐயா' மாதிரி. ஆங் சான் சூச்சியோட பேருல அவங்க அப்பா ஆங் சான் இருக்கார், பாட்டி இருக்காங்க, அம்மா கின் சியோட கடைசித் துண்டு இருக்கு. இந்தோனேஷியாவுல சுகர்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒத்தைப் பேருதான். ரெண்டு பேரும் நாட்டையே ஆண்டுட்டுப் போயிட்டாங்க, யாரும் 'ஆகே க்யா'ன்னு கேக்கல. 2022ல அந்த நாட்டு உள்துறையே புது விதி போட்டு, இனிமே பதியற பேருல ரெண்டு சொல்லாவது இருக்கணும்னு சொல்லிடுச்சு. ஹூம், அங்கயும் கட்டம் வந்தாச்சு.

நம்ம கணக்குக்கு ரொம்பக் கிட்ட வர்றவங்க ஐஸ்லாந்துக்காரங்க. அப்பா பேரோட மகன்னு சேர்த்தா பையன், மகள்னு சேர்த்தா பொண்ணு. 2017லேருந்து 2024 வரைக்கும் பிரதமரா இருந்தவங்க கத்ரீன் யாகோப்ஸ்டோட்டிர். யாகோப்பின் மகள் கத்ரீன்னு அர்த்தம். நம்ம யா. கத்ரீன்! அவங்களைப் பிரதமர் கத்ரீன்னுதான் சொல்லணும், மிஸ் யாகோப்ஸ்டோட்டிர்னு கூப்பிட்டா 'மிஸ் மகள்'னு கூப்பிட்ட மாதிரி. டெலிபோன் டைரக்டரியையே சொந்தப் பேரு வரிசையில அச்சடிச்ச நாடு அது. ஒரு குடும்பத்துல அப்பா, அம்மா, பையன், பொண்ணு நாலு பேருக்கும் கடைசிப் பேரு நாலு விதமா இருக்கும். வெளிநாட்டு ஏர்போர்ட்ல 'இது உங்க குழந்தைதானா'ன்னு கேக்கற நிலைமை அவங்களுக்கும் வரும். ஆனா அதுக்காக அவங்க வழக்கத்தை மாத்திக்கல. சென்னையோட ஜனத்தொகை கூட இல்லாத நாடு.

இதெல்லாம் படிச்சப்ப எனக்கு முதல்ல வந்தது ஒரு நிம்மதி. அடுத்து வந்தது வெக்கம். ஏன்னா கட்டத்தை நீட்டறவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு 'பேரு சரியில்ல'ன்னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுக்கறவன்.

கொசுவத்தி ஒண்ணு சுத்தணும். பத்து வருஷம் முன்னாடி நகரத்தோட கிழக்குப் பக்கம் ஒரு கிளையில இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு காலத்துல துணி மில்லுங்க. நம்ம ஊர்லேருந்து போய் மில்லுல வேலை பார்த்து, மில்லு மூடினதும் ஊருக்குத் திரும்பாம இங்கயே தங்கிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் தவறி ரெண்டு மாசம். மில்லு போனதுக்கப்புறம் இட்லி வண்டி போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து, எங்க கிளையில எஃப்.டி. போட்டு வச்சிருந்தார். பெரிய தொகை இல்ல. அந்தம்மாதான் நாமினி.

எஃப்.டி. ரசீதுல அவர் பேரு ஏ. பெருமாள். (பேரை மாத்திச் சொல்றேன்.) ஆதார்ல ஆறுமுகம் பெருமாள். இறப்புச் சான்றிதழ்ல பெருமாள்பாய் ஆறுமுகம்பாய் மதராசி. மதராசி! முப்பது வருஷம் முன்னாடி ரேஷன் கார்டு எழுதினவர் சர்நேம் கேட்டிருக்கார், இல்லைன்னதும் அவரா ஒண்ணு எழுதிட்டார். அது கார்டுலேருந்து ஓட்டர் லிஸ்டுக்குப் போய், அங்கேருந்து சாவுச் சீட்டு வரைக்கும் வந்துடுச்சு. "அது எங்க பேரு இல்ல தம்பி, அவங்களா வச்சது"ன்னாங்க அந்தம்மா.

எனக்குப் புரிஞ்சுது. அந்தக் கிளையில எனக்கு மட்டுந்தான் ஒரு நொடியில புரியும், மூணும் ஒரே ஆள்னு. ஆனா என்ன செஞ்சேன்? 'மூணு பேரும் ஒருத்தரே'ன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல அஃபிடவிட் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, ரெண்டு சாட்சியோட வாங்கம்மான்னு அனுப்பினேன். அந்தம்மா கொண்டுவந்தாங்க. அதுல அவங்க சொந்தப் பேருல இனிஷியல் மாறியிருந்தது. திரும்ப அனுப்பினேன். மூணாம் தடவை வந்தப்பதான் பணம் குடுத்தேன். விதிப்படி நான் செஞ்சது சரி. ஆடிட்டர் வந்து கேட்டா காட்ட ஒரு காகிதம் வேணும். ஆனா அன்னைக்கே மேனேஜர்கிட்டப் போய், "சார், எங்க ஊர் வழக்கம் இப்படி, ஏ-ங்கறது ஆறுமுகம், நான் நோட் போடறேன்"னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சொந்த ஊர்க்காரிக்கு சலுகை காட்டறான்னு நெனச்சுடுவாங்களோன்னு பயம். அந்த பயத்துக்கு அந்தம்மா மூணு தடவை ஆட்டோக் காசு குடுத்தாங்க.

அந்த 'மதராசி'தான் நான் சொல்ல வந்த விஷயத்துக்குள்ள என்னைக் கொண்டு போகுது. காலிக் கட்டம் காலியா இருக்காது. நாம எழுதலன்னா வேற யாராவது எதையாவது எழுதிடுவாங்க. அமெரிக்க விசாவுல ஒத்தைப் பேருக்காரங்களுக்கு 'முதல் பெயர் தெரியாது'ங்கறதோட சுருக்கமா எஃப்.என்.யூ.ன்னு அடிச்சுக் குடுக்கறாங்க. அதையே பேருன்னு நெனச்சு 'மிஸ்டர் ஃப்னு'ன்னு கூப்பிட்ட கதையெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீங்க. 2022 நவம்பர்ல அமீரகம், பாஸ்போர்ட்டுல ஒத்தைச் சொல் பேரு இருந்தா விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு சொல்ல, நம்ம ஊர் ஜனங்க பதறினது ஞாபகம் இருக்கும். அப்புறம் பாஸ்போர்ட்டுல அப்பா பேரு இருந்தாப் போதும்னு தளர்த்தினாங்க. இத்தனைக்கும் பாஸ்போர்ட்டு எப்படி இருக்கணும்னு சொல்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட விதியிலயே ஒத்தைப் பேருக்கு இடம் இருக்கு. நம்ம ஆதாரும் முழுப் பேருக்கு ஒரே ஒரு கட்டந்தான் வச்சிருக்கு. ஒரு கட்டம் போதும்னு தெரிஞ்சே நூத்தி முப்பது கோடி பேருக்கு மேல பதிஞ்சிருக்காங்க. மத்த ஃபாரத்துக்கெல்லாம் மட்டும் ஏன் மூணு கட்டம்னு யாராவது கேக்கணும்.

ஆனா எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது மதராசியோ ஃப்னுவோ இல்ல. நம்மாளுங்களே அந்தக் கட்டத்துல எழுதற ஒண்ணு.

வடக்க வந்து பத்து வருஷம் ஆன நம்ம குடும்பங்கள்ல பார்க்கறேன். குழந்தைக்குப் பேரு வைக்கும்போது, 'இங்க எல்லாரும் சர்நேம் கேக்கறாங்க சார், ஸ்கூல்ல கஷ்டம்'னு சொல்லிக்கிட்டு, தாத்தா காலத்துல விட்டுட்ட சாதிப் பேரைத் தேடி எடுத்து ஒட்டறாங்க. எந்தச் சாதின்னு சொல்லல, எல்லாச் சாதியிலயும் நடக்குது. ஒட்டறவங்கள்ல பலபேரு சாதி பார்க்கறவங்க கூட இல்ல. கட்டம் இருக்கு, ஏதாவது எழுதணும், கேக்கறதுக்கு நல்லா இருக்கு. அவ்வளவுதான்.

இங்க வாடகைக்கு வீடு தேடினவங்களுக்குத் தெரியும், 'ஆகே க்யா'ங்கற கேள்விக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. கடைசிப் பேரைச் சொன்னா உன் சாதி தெரியும், உன் சமையலறையில என்ன வேகும்னு தெரியும், வீடு குடுக்கலாமா வேண்டாமான்னு தெரியும். எங்க ஹெட் கேஷியர் வெகுளியாத்தான் கேட்டார். எல்லாரும் அப்படிக் கேக்கறதில்ல. நான் 'மேல ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றப்போ எதிர்ல இருக்கறவருக்கு என்னை எந்த அலமாரியில வைக்கறதுன்னு தெரியாம ஒரு நிமிஷம் தடுமாறுவார் பாருங்க, அந்த ஒரு நிமிஷம் சும்மா கிடைச்சது இல்ல.

எங்க வீட்டுல ஒரு பழைய பத்திரம் இருக்கு. தாத்தா பேருக்குப் பின்னால வால் இருக்கும். அதே நிலத்துக்கு அப்பா காலத்துல போட்ட பத்திரத்துல வால் இல்ல. நடுவுல என்ன நடந்தது? 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு கூடி, பேருக்குப் பின்னால சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. பெரியாரே தன் பேருலேருந்து நாயக்கரை எடுத்தார். தீர்மானம் போட்ட மறுநாளே ஊரெல்லாம் மாறிடல. ஒரு தலைமுறை, ஒன்றரைத் தலைமுறை ஆச்சு. எங்க தாத்தா எந்த மாநாட்டுக்கும் போனவர் இல்ல. ஊரே விட்டுச்சு, அவரும் விட்டார். சாதி போயிடுச்சான்னு கேக்காதீங்க, போகல. ஊர்ல சுவர் போஸ்டரையும் ஃபிளெக்ஸ் போர்டையும் பார்த்தாலே தெரியும். ஆனா ஒரு பையன் வகுப்புல எழுந்து நின்னு பேரு சொல்லும்போது சாதியைச் சொல்லாம உக்காரலாம்ங்கற ஒரு இடத்தை நமக்காக உண்டாக்கி வச்சிருக்காங்க. பீகார்ல 1974ல ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்துலயும் இப்படிச் சாதிப் பேரை விட்டவங்க உண்டு. இங்க ஆபீஸ்ல வெறும் 'குமார்'னு முடியற ஒரு பீகாரி நண்பர் இருக்கார். "உங்க ஊர்ல எல்லாருமே குமாரா?"ன்னு பொறாமையா என்கிட்டக் கேப்பார்.

அவ்வளவு பாடுபட்டு விட்டதை, கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் காலியா இருக்குங்கறதுக்காகவா திரும்ப எடுத்து ஒட்டறது? இதுதான் என் கேள்வி. அப்பா பேரை எழுதுங்க. ஊர்ப் பேரை எழுதுங்க. லதா மங்கேஷ்கர் குடும்பப் பேரு கோவாவுல இருக்கற மங்கேஷி ஊர்லேருந்து வந்ததுதான். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே 'விஷி'ன்னு அப்பா பேரைச் சுருக்கிக் கூப்பிட்டுது. கூகுள் தலைவர் பிச்சைங்கறது அவங்க அப்பாவோட பேருலேருந்து வந்தது. அமெரிக்கத் துணை அதிபரா இருந்த கமலா ஹாரிஸோட அம்மா சியாமளா கோபாலன், கோபாலன் அவங்க அப்பா. யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சு போகல.

இதை இப்படியே ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல சொற்பொழிவா ஆத்திக்கிட்டிருந்தேன். சந்தர்ப்பம் என்னன்னா, பொண்ணுக்கு முதல் பாஸ்போர்ட்டு. பன்னெண்டாவது படிக்கறா. பேரு கயல்விழி, பத்தாவது சர்ட்டிபிகேட்டுல கயல்விழி எம். ஃபாரத்துல சர்நேம் கட்டம் வரைக்கும் வந்து நின்னுட்டோம். நான் ஐஸ்லாந்து, தாய்லாந்து எல்லாம் சுத்தி முடிச்சதும் தங்கமணி கேட்டாங்க. அவங்க பேரு மல்லிகா.

"ஐஸ்லாந்துல கல்யாணம் ஆனா பொம்பளைங்க பேரு மாறுமா?"

மாறாதுன்னேன். யாகோப்பின் மகள் எப்பவும் யாகோப்பின் மகள்தானே, புருஷனுக்கு மகளாக முடியாதே.

"என் பேரு மாறுச்சே. டிகிரி சர்ட்டிபிகேட்டுல ஆர். மல்லிகா. ரேஷன் கார்டுல எம். மல்லிகா. நம்ம வழக்கத்தைப் பத்தி இவ்வளவு பெருமை பேசறீங்களே, இதுல உங்களுக்கு அப்பா ஒருத்தர்தான். எனக்குப் பொறந்த வீட்டு எழுத்து ஒண்ணு, புகுந்த வீட்டு எழுத்து ஒண்ணு. பேங்க்ல வேலைக்கு இண்டர்வியூ போனப்ப ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டாங்க. அப்ப நீங்க எந்த மாநாடும் போடல."

பதில் இல்ல. இங்க குஜராத்துல கல்யாணமானா நடுப்பேரு, கடைசிப் பேரு ரெண்டுமே மாறிடும், அதுக்கு நம்மது பரவாயில்லையேன்னு இழுத்தேன். ஜப்பான்ல புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே சர்நேம்தான் இருக்கணும்னு சட்டமே இருக்கு, 2015லயும் 2021லயும் உச்ச நீதிமன்றம் அது செல்லும்னுடுச்சுன்னு சொன்னேன். "எதிர் உதாரணம் இருந்தா அதையும் சொல்லுங்க"ன்னாங்க. கனடாவுல கியூபெக்ல 1981லேருந்து கல்யாணமானாலும் பொண்ணோட பேரு மாறாதுன்னு ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. படிச்சு வச்சது நமக்கே ஆப்பு.

இது வரைக்கும் ஃபோனை நோண்டிக்கிட்டிருந்த பொண்ணு தலையைத் தூக்கினா. "அப்பா, சர்ட்டிபிகேட்டுல எம்-னுதானே இருக்கு?"

ஆமா, முருகேசன்னேன்.

"எம் முருகேசன்னு எங்க எழுதியிருக்கு? மல்லிகாவும் எம்-தானே?"

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. எனக்குள்ள இருக்கற ஆபீசர் உடனே முழிச்சுக்கிட்டான். ஆதார்ல என்ன இருக்கு, பள்ளி ரெக்கார்டுல என்ன இருக்கு, பின்னால எவனாவது அஃபிடவிட் கேப்பானா, நோட்டரி எங்க இருக்கார்னு ஓட ஆரம்பிச்சுட்டான். மனுஷன் முழிச்சுக்க ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆச்சு. அப்பா பேரு ஃபோன்ல வரும்போது எனக்குள்ள ஒண்ணு நடக்குதே, அது மல்லிகா பேருக்கும் இவளுக்கு நடக்கலாமே?

ஃபாரம் இன்னும் மேஜை மேலதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை அப்பாயிண்ட்மெண்ட். சர்நேம் கட்டத்துல பொண்ணு பென்சில்ல எழுதி வச்சிருக்கா, நான் அழிக்கல.

"இன்னும் இருபது வருஷம் கழிச்சு இவளுக்கும் எவளாவது ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஃபோன் பண்ணுவா. மல்லிகாஜி இருக்காங்களான்னு கேப்பா"ன்னேன்.

"கேக்கட்டும். ஆமாங்க சொல்லுங்கன்னு சொல்லட்டும்"னாங்க தங்கமணி.